மோரில் வெளுத்த வேட்டி

"வேட்டி ஓரம் சாயம் விட்டுச்சுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் ஆத்தா. சொல்றதுக்கு அங்க ஒருத்தி இருக்கறா" என்று சொல்லிவிட்டு, முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாதம்மாள் கிளம்பினாள்.

சொல்வதற்கு இருப்பவள் ராமக்கா. மாதம்மாளுக்கு மூத்த ஓரகத்தி. ஏரியூருக்குக் கிழக்கே, பங்காளி வீடுகள் மட்டும் சேர்ந்திருந்த அந்தக் கொட்டாய்க்கே மூத்தவள். அவள் மகன் சின்னராஜுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். மாவு இடிக்கவும் பலகாரம் சுடவும் மாதம்மாள் அங்கேயே போய்த் தங்கிவிடுவாள். வீட்டில் மகன் குப்புராஜும், வைகாசியில் அவனுக்குக் கட்டிவந்த மருமகள் ராஜாமணியும்தான்.

"பாத்துத் தொவைக்கறனுங்க அத்தை."

"பாத்துத் தொவைச்சா பத்தாது. அவ கண்ணுக்குத் தொவைக்கணும்" என்று வாசல் படலைத் தாண்டும்போதும் திரும்பிச் சொன்னாள் மாதம்மாள்.

அது உலகச் சண்டை நடந்த காலம். துணிக்கு ரேஷன் அட்டை போட்டிருந்தார்கள். அட்டைக்குக் கிடைத்த துணி தானியம் கட்டத்தான் லாயக்கு. அதனால் கொட்டாயிலிருந்த பங்காளி வீடுகளுக்கெல்லாம் சேர்த்துக் கல்யாண வேட்டி ஒன்றே ஒன்று இருந்தது. சண்டைக்கு முன்னால் சேலத்தில் எடுத்தது. பால் வெள்ளையில், அரக்குச் சிவப்புப் பட்டு ஓரம் வைத்தது. எந்த வீட்டு மாப்பிள்ளையானாலும் தாலி கட்டும்போது அதைத்தான் கட்ட வேண்டும். அவன் அரையிலிருந்து இறங்கியதும் அது மஞ்சளும் சந்தனமுமாய் அப்படியே பெட்டிக்குப் போய்விடும். அடுத்த கல்யாணம் நிச்சயமாகும் வரைக்கும் அதில் தண்ணீர் படக் கூடாது; பட்டால் கொட்டாயில் கல்யாணம் தள்ளிப்போகும் என்று ஒரு பேச்சு. நிச்சயமான பிறகு, கடைசியாய் வந்த மருமகள்தான் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வண்ணாரிடம் போடுவதில்லை. வெள்ளாவியில் வைத்தால் பட்டு ஓரம் சுருங்கிவிடும் என்று பயம்.

இந்த முறை கடைசியாய் வந்த மருமகள் ராஜாமணி. அதை வாங்கப்போகிற கை ராமக்காவின் கை. அதுதான் சங்கடம். குப்புராஜுக்குத் தன் தம்பி மகளைக் கட்ட வேண்டும் என்று ராமக்கா ஆசைப்பட்டிருந்தாள். அது நடக்கவில்லை. கல்யாணப் பந்தலிலேயே பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னாள்: "பொம்மிடி டேஷன்ல பொறந்தவ. வண்டி சத்தம் கேட்டா எழுந்து போயிடுவா, பாருங்க." அன்றிலிருந்து ராஜாமணிக்கு அந்தக் கொட்டாயில் பெயர் டேஷன்காரி. வந்தவளும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. பெரியவர்கள் நிற்கிற இடத்தில் அவள் குரலே யாருக்கும் தெரியாது.

பெட்டியைத் திறந்து வேட்டியை விரித்துப் பார்த்தாள். இடுப்புப் பக்கம் மஞ்சள். மடிப்பில் மஞ்சள். கீழ் ஓரத்தில் நெய்யும் சாம்பலும். நடுவில் சந்தனம் காய்ந்து பொருக்காய் நின்றது.

ஆனாலும் அவளுக்குப் பெரிய பயம் வரவில்லை. பொம்மிடியில் அவள் அப்பன் வீடு ரயில் பாதைக்குப் பக்கம். கொடியில் காய்கிற துணியில் நாளெல்லாம் கரிப்புகை படியும். விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தத் தெளிவில் உவர்மண்ணைக் கலந்து ஊறப்போட்டால் எஞ்சின் கரியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகும். அதை எடுத்தவளுக்கு இந்த மஞ்சள் எம்மாத்திரம்?

அப்படியே செய்தாள். புளிய விறகுச் சாம்பல், கள்ளியோடை உவர்மண். தெளிவு நல்ல எண்ணெய் போல வழவழவென்று இருந்தது. பட்டு ஓரத்தை மட்டும் நனையாமல் சுருட்டி மேலே வைத்துவிட்டு, வேட்டியைப் பானைக்குள் அமுக்கினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து வெளியே இழுத்தாள்.

இழுத்தவள் கை அப்படியே நின்றது.

வேட்டி சிவந்திருந்தது. இடுப்பில் சிவப்பு, மடிப்பில் சிவப்பு, யாரோ பாக்கு மென்று துப்பிய மாதிரி. கிணற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரும் உவர்ப்பு. சிவப்பு கொஞ்சம் மங்கியதே தவிரப் போகவில்லை.

குப்புராஜ் ஏரை அவிழ்த்துவிட்டு வரும்போது அவள் கிணற்று மேட்டில் வேட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, கஞ்சி இல்லியா?"

அவள் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.

"அடக் கடவுளே. எதை அறுத்த?"

"ஒண்ணையும் அறுக்கலைங்க. ஓரம் சாயம் விட்டுருச்சுங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ஓரத்தை நனைக்கவே இல்லைங்க. மேலதான் வெச்சேன். அப்படியும் எறங்கிருச்சு."

குப்புராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் கஞ்சி, தண்ணீர், மாடு இவ்வளவுதான். மாதம்மாள் எந்நேரமும் கூட இருக்கிற வீட்டில் அதற்குமேல் பேச ஏது இடம்? இப்போது அவள் அழுகிறாள். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து நீட்டினான். அதில் ஏர் மண் இருந்ததைப் பார்த்துத் திரும்ப மடித்துக்கொண்டான்.

"அழுவாத. சீமெண்ணெய் போட்டுப் பாக்கலாமா?"

"விளக்குக்கே எண்ணெய் இல்லைங்க."

"ஆமா, அது வேற. ஆட்டுப் புழுக்கை? ஆட்டுப் புழுக்கையில ஊற வெச்சா வெளுக்கும்பாங்க."

"கல்யாண வேட்டியையா?"

"சரி சரி, வேணாம்." கொஞ்ச நேரம் யோசித்தான். சட்டென்று முகம் தெளிந்தது. "சுண்ணாம்பு! கரி புடிச்ச செவுத்தையே வெள்ளையாக்குதே, துணியை ஆக்காதா?"

அவள் தடுப்பதற்குள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து, ஒரு தலைப்பின் நடுவே இருந்த சின்ன மஞ்சள் பொட்டில் தேய்த்தான். சாம்பல் தண்ணீர் படாமல் தப்பிய பொட்டு அது.

பொட்டு ரத்தமாய்ச் சிவந்தது.

"போச்சு" என்றான் குப்புராஜ். "தப்பிச்ச எடத்தையும் நான் கெடுத்தேன். ராமக்கா பெரிம்மா நம்ம ரெண்டு பேரையும் சேத்துத்தான் தோலை உரிக்கப்போவுது."

ராஜாமணி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டு ஓரம் அதற்குப் பக்கத்திலேயே இல்லை. ஒரு முழம் தள்ளி இருந்தது. பிறகு எங்கிருந்து வந்தது இந்தச் சிவப்பு?

"இன்னொருக்காத் தேயுங்க."

"என்னது?"

"சுண்ணாம்பு. இன்னொரு மஞ்சள் பொட்டுல தேயுங்க."

"ஏய், பயித்தியமா ஒனக்கு?"

"தேயுங்கன்னா!"

அவள் குரல் உயர்ந்து அவன் கேட்டது அன்றைக்குத்தான். அவன் தேய்த்தான். அதுவும் சிவந்தது.

"ஆரத்திங்க!" ராஜாமணி எழுந்து நின்றுவிட்டாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சா ஆரத்தித் தண்ணி ஆவுதில்ல? அதே செவப்பு! ஓரத்துச் சாயமே எறங்கலைங்க. மஞ்சள்தான் செவந்திருக்குது. சாம்பத் தண்ணியும் சுண்ணாம்பு மாதிரித்தான் காரம்."

"அப்ப ஓரம் நல்லாயிருக்குதா?"

"ஓரம் நல்லாத்தான் இருக்குது."

"அப்பாடி." அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு மெதுவாக, "செவப்பு போவுமா?" என்று கேட்டான்.

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. ஆரத்தித் தண்ணீரை மறுபடி மஞ்சளாக்கிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சுற்றிவிட்டு வாசலில் கொட்டிவிடுவார்கள்.

கஞ்சிக்கு நேரமாகிவிட்டது. களி கிண்டி வைத்துவிட்டு, கொள்ளு ரசத்துக்குப் புளி கரைக்க உட்கார்ந்தாள். காலையில் மஞ்சள் கறையைத் தேய்த்த கை. நகக்கண்ணெல்லாம் செக்கச் சிவேலென்று இருந்தது. புளியைப் பிசைந்தாள். பிசையும்போது மனசு வேட்டியில் இருந்தது. வெள்ளிக்கிழமை பந்தலில் சின்னராஜ் காடாத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்பான். ராமக்கா கூட்டத்தைப் பார்த்துச் சொல்வாள், நான் அப்பவே சொன்னேனே என்று. அது பொம்மிடியில் இருக்கிற அப்பன் காதுக்கும் போகும்.

சக்கையைப் பிழிந்து போட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். நகக்கண் மஞ்சளாக இருந்தது.

"ஏனுங்க! இங்க வாங்க! சீக்கிரம்!"

குப்புராஜ் தேள் கொட்டிவிட்டது என்று நினைத்துச் செருப்போடு அடுப்படிக்குள் ஓடி வந்தான்.

"எங்க தேளு?"

"தேளும் இல்ல பாம்பும் இல்ல. நகத்தைப் பாருங்க."

"நகம்தான்."

"செவப்பா இருந்துதுங்க. இப்ப மஞ்சள். புளிப்பு பட்டதும் திரும்பிருச்சு!"

அவன் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பார்த்து முடித்த பிறகும் விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் களிப்பானை அடிபிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

"அப்ப புளியைக் கரைச்சு ஊத்திடலாம்" என்றான்.

"புளி தன் கறையை விட்டுட்டுப் போவுமுங்க. பழுப்பா நிக்கும். வெள்ளையா இருக்கற புளிப்பு வேணும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உறியைப் பார்த்தார்கள். உறியில் கூழுக்கு என்று சேர்த்து வைத்த மோர்ப்பானை தொங்கியது. நன்றாகப் புளித்து, மூடியைத் திறந்தால் மூக்கை அடைக்கிற மோர்.

"எனக்குக் கூழுக்கு?"

"வெங்காயத்தைக் கடிச்சுக்கோங்க."

"கட்டிக்கிட்டு வந்து நாலு மாசம் ஆவுல, மோரைப் புடுங்கிட்டா பாரு" என்று சொல்லிக்கொண்டே அவனே பானையை இறக்கினான்.

மோரை மெல்லிய துணியில் வடிகட்டிப் பெரிய தாழியில் ஊற்றினார்கள். வேட்டியை அதில் விட்டதும் சிவப்பு கண்ணெதிரே அடங்கியது. சுண்ணாம்பு தேய்த்த பொட்டுகள்கூடச் சந்தன நிறத்துக்கு வந்துவிட்டன. மோர் பட்ட சந்தனப் பொருக்கும் ஊறிக் கழன்றது. நெய்க்கறைக்கு மட்டும் ராஜாமணி தனியாகப் பூந்திக்கொட்டையை நுரைக்க அடித்து, அந்த நுரையை விரலால் வைத்துத் தட்டினாள். தேய்க்கவில்லை. தேய்த்தால் நூல் பிரிந்துவிடும்.

இனி மிச்சம் இருந்தது மஞ்சள். மஞ்சளை எடுக்கத் தண்ணீரால் ஆகாது, வெயிலால்தான் ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது ஆவணி. காலையில் காய்ந்தால் மதியத்துக்கு மேல் பென்னாகரம் பக்கத்திலிருந்து மேகம் ஏறிவிடும்.

மறுநாள் விடிந்ததும் காட்டோரப் பாறையைக் கழுவி, வேட்டியை விரித்து நான்கு பக்கமும் கல் வைத்தார்கள். காயக் காய மோர்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரத்தில் வெயில் பட்டால்தான் மஞ்சள் வெளுக்கும். குப்புராஜ் ஏர் பூட்டப் போகவில்லை.

"உழவு?"

"மண்ணு எங்கயும் ஓடிடாது. காக்கா எச்சம் போட்டா யாரு பதில் சொல்றது?"

காக்காய் வரவில்லை. வந்தது ஆடு. பக்கத்துக் காட்டுக்காரருடைய வெள்ளாடு ஒன்று, மோர் வாசனைக்குப் பாறையின் பின்பக்கமாய் ஏறி வந்து வேட்டியின் மடிப்பை நக்க ஆரம்பித்துவிட்டது.

"ஏய் ஏய் ஏய்! த்ரூ! மாப்பிள்ள வேட்டிடி அது!" என்று குப்புராஜ் கோலோடு ஓடினான். ஆடு இந்தப் பக்கம் குதித்தது, அவன் அந்தப் பக்கம் குதித்தான். ராஜாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்றே அவனுக்குத் தெரியாது. ஆட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு பாறையின் நிழல் பக்கம் உட்கார்ந்தார்கள். நடுவே தண்ணீர்ச் செம்பு.

"ரயில்ல போயிருக்கறியா புள்ள?"

"ஒரே ஒருக்கா. மொரப்பூர் வரைக்கும். எங்கப்பன்கூட."

"பக்கத்துல வூட்டை வெச்சுக்கிட்டு ஒருக்காத்தானா?"

"கடலு பக்கத்துல இருக்கறவங்க தெனம் கடல்லயா குளிக்கறாங்க? நீங்க போனதில்லிங்களா?"

"பார்த்ததோட சரி. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு வண்டி வந்துதில்ல, எங்க வூட்டாளுங்க எல்லாம் ஒன்னைப் பாத்தாங்க. நான் வண்டியைப் பாத்தேன்."

"அதான் மூஞ்சியே தெரியலைன்னு நான் அழுதுட்டிருந்தேன்."

"அப்புறம் பாத்துட்டியே. அழுவையா வருது?"

"இப்ப ஆடு மேய்க்கறப்ப பாத்தேன். பரவால்ல."

அவன் சிரித்தான். தண்ணீர் தெளிக்க எழுந்தவன் வேட்டியின் இடுப்புப் பக்கம் குனிந்தான். மற்ற இடமெல்லாம் வெளுத்துக்கொண்டு வந்தது. அங்கே மட்டும் மஞ்சள் கொஞ்சம் அழுத்தமாய், வரிவரியாய் நின்றது.

"இது என்ன புள்ள, அஞ்சு வெரலு மாதிரி?"

ராஜாமணி செம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாந்தாங்க."

"நீயா? எப்ப?"

"பந்தல்ல. பெரியத்தை, டேஷன்ல பொறந்தவன்னு சொன்னாங்களே, அப்ப. எல்லாரும் சிரிச்சாங்க. எதைப் புடிக்கறதுன்னு தெரியல. கையில நலங்கு மஞ்சள் இருந்துது. ஒங்க வேட்டியைப் புடிச்சுக்கிட்டேன்."

"என்னடா இது, இடுப்புல ஓணான் ஏறுதான்னு நான் நெளிஞ்சேன்."

"தெரியும். நெளிஞ்சீங்க. ஆனாலும் கையைத் தட்டிவிடலை."

அவன் மோர்த் தண்ணீரை எடுத்து அந்த விரல்களின்மேல் சொட்டுச் சொட்டாகத் தெளித்தான்.

மதியத்தில் மேகம் ஏறிற்று. தூறல் விழுமுன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு ஓடினார்கள். வியாழக்கிழமை காலையில் மறுபடி வெயில் அடித்தது. உச்சிக்கு முன்னால் விரல்களும் போய்விட்டன. கஞ்சி போட்டு, வெண்கலச் செம்பில் தணல் நிரப்பி ராஜாமணி தேய்த்து மடித்தாள். கண்ணுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆனால் மூக்கில் வைத்தால் மோர் மணந்தது. சாம்பிராணிப் புகை காட்டினாள். மோரும் சாம்பிராணியுமாய் மணந்தது.

"கோயில்ல பால் பொங்கி அடுப்புல ஊத்தின மாதிரி இருக்குது" என்றான் குப்புராஜ். "வா, போலாம். ஆனது ஆவட்டும்."

ராமக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பங்காளிப் பெண்கள் அத்தனை பேரும் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாதம்மாள் மருமகள் முகத்தைப் பார்த்தாள். ராஜாமணி தலையை லேசாக ஆட்டினாள். மாதம்மாளுக்கு மூச்சு வந்தது.

ராமக்கா வேட்டியை வாங்கி உதறி விரித்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்; விரலில் சாயம் ஒட்டவில்லை. இடுப்பைப் பார்த்தாள், மடிப்பைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னாடி இது, மோரு நாத்தம்?"

முறுக்குச் சுற்றுகிற கைகள் நின்றன.

"டேஷன்ல இப்படித்தான் தொவைப்பாங்களோ? என் மவன் தாலி கட்டறப்ப ஊரே மூக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

ராஜாமணிக்குப் பந்தலன்று போலவே எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் குப்புராஜ் முன்னால் வந்தான்.

"அவளை ஏன் பெரிம்மா கேக்கறீங்க? நாந்தான் தொவைச்சேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரிப்பு வெடித்தது.

"ஆம்பளை தொவைச்சானாம்டி!"

"ஏரை வித்துட்டுத் தொவைக்கற கல்லு வாங்கிக்க குப்புராஜு!"

"எம் பொடவை ஒண்ணு இருக்குது, கையோட எடுத்துட்டுப் போ அண்ணா!"

குப்புராஜ் காது நுனிவரை சிவந்து நின்றான். ஆனாலும் நகரவில்லை. ராஜாமணி அவனைப் பார்த்தாள். பாறையில் ஆட்டைத் துரத்தியவன், உழவை விட்டவன், கூழுக்கு வெங்காயம் கடித்தவன்.

"பொய்யுங்க அது" என்றாள்.

யார் குரல் என்று எல்லாரும் திரும்பினார்கள்.

"நாந்தாங்க தொவைச்சேன். மொதல்ல சாம்பத் தண்ணியில போட்டுக் கெடுத்ததும் நாந்தான். மஞ்சள் மொத்தமும் செவந்துருச்சு. ஓரம்தான் போச்சுன்னு கெணத்து மேட்டுல உக்காந்து அழுதேன். அப்புறம் மோருல போட்டுத் திருப்புனோம். பாறையில போட்டு வெளுக்க வெச்சோம். இவரு உழவை விட்டுட்டு ரெண்டு நாளு தண்ணி தெளிச்சாரு, பெரியத்தை. மோரு வாசனை நாளைக்குக் காத்துல போயிடும். மஞ்சள் செவப்பு அப்படிப் போயிருக்காதுங்க."

பேசி முடித்த பிறகுதான் தான் பேசியது அவளுக்கே தெரிந்தது. மாதம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

ராமக்கா வேட்டியை மறுபடி பார்த்தாள். இந்தமுறை கறையைத் தேடவில்லை. இடுப்பிலிருந்து கீழ்வரை கையால் தடவிப் பார்த்தாள்.

"சாம்பத் தண்ணியில போட்டதைத் திருப்புனியா?"

"ஆமாங்க."

"வாய் இருக்குது இவளுக்கு" என்று மாதம்மாளைப் பார்த்துச் சொன்னாள். வைகிறாளா, மெச்சுகிறாளா என்று முகத்தில் தெரியவில்லை. "செல்லி, அந்த மஞ்சள் கிண்ணத்தை எடு."

முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த செல்லி எழுந்து கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்குமுன் துணியின் மூலைக்கு மஞ்சள் வைக்க வேண்டும். ராமக்கா விரல் நிறையக் குழைத்த மஞ்சளை எடுத்து முதல் மூலையில் அழுத்தி வைத்தாள்.

"ஐயோ" என்றாள் ராஜாமணி.

"என்னாடி ஐயோ? சாத்திரம் வேணாமா?"

"மூலைக்கு வெய்ங்க பெரியத்தை. வேணாங்கல." ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அந்தக் கையோட வேட்டியை மடிச்சுடாதீங்க. கைய கழுவிட்டு மடிக்கலாங்க."

ராமக்காவுக்கு அந்தக் கொட்டாயில் யாரும் இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொன்னது கிடையாது. பெண்கள் முறுக்கு மாவைப் பார்த்தார்கள். குப்புராஜ் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டான்.

ராமக்கா தன் மஞ்சள் விரல்களைப் பார்த்தாள். வெள்ளை வேட்டியைப் பார்த்தாள். மற்ற மூன்று மூலைக்கும் ஒற்றை விரல் நுனியால் பொட்டுப் பொட்டாக, பூவைத் தொடுகிற மாதிரித் தொட்டு வைத்தாள். பிறகு எழுந்து பந்தலோரம் போய், இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கற? ஊத்து தண்ணி."

ராஜாமணி செம்பை எடுத்தாள்.